ஓவர் முடியட்டும்

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு நடுவர் என்றால் உடுப்புக் கொளுவுகிற தடி. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்துச் சங்கிலி, கார்த் திறப்பு, கலியாண மோதிரம், எல்லாம் என் வெள்ளைக் கோட்டுக்குள்தான். ஜூன் மாதம் ஒருவன் பாதி கடித்த மீன் ரோல்ஸை என் பைக்குள் வைத்துவிட்டுப் பந்து போடப் போனான். அந்தக் கிழமை முழுக்கக் கோட் மணத்தது. முந்தியெல்லாம் பந்து போடுகிறவன் தொப்பியைக் கழற்றி மடித்துக் கையில் தருவான். இப்போது "அங்கிள், பிடியுங்கோ" என்று எறிகிறார்கள். பிடிக்கத் தவறினால் கிழவனுக்குக் கண் தெரியவில்லை என்கிறார்கள்.

ஜீவரத்தினம் தம்பி, நீங்கள் லீக்கின் செயலாளர். இறுதியாட்டத்தில் நடந்ததை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணம் குருநகரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே லண்டனில், மிச்சம் என்கிற ஊர் மைதானத்தில், எல்லைக் கோட்டுக்குப் பக்கத்து வாங்கில், அந்த நீள மர இருக்கையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் இருந்து எழுத ஏலாது. என் பெண்சாதி மெற்றில்டா மூன்று கிழமையாக என்னோடு கதைப்பதில்லை. சோறு போடுகிறாள், போட்டுவிட்டு மற்ற அறைக்குப் போய்விடுகிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பொலிஸும் கேட்டது. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்புக்காரப் பிள்ளையைப் பிடித்துத் தந்தார்கள். அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. ஓவர் என்றால் ஆறு பந்து என்று விளங்கப்படுத்தவே கால் மணித்தியாலம் போனது. அவர்கள் கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவும் இல்லை. நீங்கள் கேட்டது வேறு. நீங்கள் "நடந்தது எல்லாம்" என்று கேட்டீர்கள்.

எங்கள் லீக்கில் ஒவ்வொரு கழகமும் ஒரு நடுவரை அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் போட்ட விதி, நல்ல விதி. எங்கள் கடலொளிக் கழகம் பதின்மூன்று வருடமாக என்னைத்தான் அனுப்புகிறது. நான் ஜேர்மனியில் மீன் கடையில் பதினாறு வருடம் கத்தி பிடித்தவன். ஒரு நாளும் கை வெட்டுப்பட்டதில்லை. என் கை நடுங்காது. பந்துகளை எண்ணுவதற்கு மெற்றில்டாவின் அறுந்த செபமாலையிலிருந்து ஆறு மணிகள் வைத்திருக்கிறேன். ஒரு பந்து போட்டால் ஒரு மணி இடப்பையிலிருந்து வலப்பைக்குப் போகும். எங்கள் பங்குச் சுவாமியார் இதைக் கண்டு முகத்தைச் சுளித்தார். அவர் பூசையில் எண்ணுவதைவிட நான் சரியாக எண்ணுகிறேன்.

இனி றொஷான். பொயிலர் பூட்டுகிற வேலை, இருபத்தொன்பது வயது, போன வருடம் பெனிற்றாவைக் கலியாணம் முடித்தான். ஆளைப் பற்றி இப்போது எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறார்கள். போன ஞாயிறு பூசையில் சுவாமியார் சொன்னதைக் கேட்டிருந்தால், அவன் கடைசி ஓவரில் ஒரு நாளும் அடி வாங்கியதில்லை என்று நினைத்திருப்பீர்கள். வாங்கினான். எங்கள் கழகத்தின் கடைசி ஓவர் அவனுடையது. இந்தக் கோடையில் மூன்று ஆட்டத்தைக் கடைசி ஓவரில் வைத்துத் தாரைவார்த்தான். நோர்பரிக்காரரோடு ஆறு பந்தில் பதினான்கு ஓட்டம் கொடுத்தான். இரண்டாவது ஆட்டத்தில் பந்து விக்கெட் காப்பாளரின் தலைக்கு மேலால் போனது. மூன்றாவதைப் பற்றி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கழகத்தில் இதற்கு மூன்று கூட்டம் வைத்தார்கள். ஒருவர் தியானம் செய்யச் சொன்னார். ஒருவர் வாழைப்பழம் என்றார். சுவாமியார் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னார். அணித் தலைவன் லதீசன் யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் பேசுவதைப் போட்டுக் காட்டினான். எல்லோரும் படித்தவர்கள். பந்து போடுகிறவனுக்கு நாலு அடி தள்ளி நின்று அவன் கையைப் பார்ப்பவன் நான் ஒருவன்தான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நான் கண்டதைச் சொல்கிறேன். றொஷானுக்குச் சின்ன வயதிலிருந்து முட்டு வருத்தம், டொக்டர்மார் ஆஸ்துமா என்பார்கள். மூச்சுக்கு இழுக்கிற நீல நிற பம்ப் ஒன்று வைத்திருப்பான். அவனுடைய வெள்ளைக் காற்சட்டையில் பை இல்லை. அதனால் தொப்பி, சங்கிலியோடு பம்பையும் என்னிடம் தருவான். கடைசி ஓவருக்கு முன்னால் அதை வாங்கி வாயில் வைத்து இரண்டு தரம் இழுப்பான். அதற்குப் பிறகு பந்தைப் பிடித்த விரல்கள் தந்தி அடிக்கும். பம்ப் அடிக்கிறான், கை நடுங்குகிறது, பந்து வழுக்குகிறது, தோற்கிறோம். மூன்று ஆட்டத்திலும் இதே வரிசைதான். இதைக் கண்டுபிடிக்க ஐந்தாம் வகுப்புப் போதும்.

இருந்தாலும் நான் ஒன்றையும் விசாரிக்காமல் நம்புகிறவன் அல்ல. இறுதியாட்டத்துக்கு முந்திய புதன்கிழமை, நோர்பரியில் மருந்துக்கடையில் நிற்கிற சேஷாத்ரியிடம் போய்க் கேட்டேன். சென்னைக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"தம்பி, அந்த நீலப் பம்ப் அடிச்சால் கை நடுங்குமோ?"

"ஆமா ஐயா, சில பேருக்குக் கொஞ்சம் நடுங்கும். அதுல பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா மூச்சு முட்டுறப்போ அது கையில இல்லைன்னா..."

அதற்குள் வெளியே பஸ் வந்துவிட்டது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள். போன நத்தார், கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில், கோயில் மண்டபத்தில், றொஷான் பதினொரு பேருடைய கோட்டுகளையும் தன் மேல் போட்டுக்கொண்டு, தலையில் நாலு தொப்பி வைத்துக்கொண்டு, என்னைப்போல நடித்துக் காட்டினான். செல்லாத பந்து என்று கையை நீட்டி நீட்டி, கேக்குக்கு நோ போல், சுவாமியாருக்கு நோ போல், வாசலால் வந்த, ரோல்ஸ் விற்கிற தவமலருக்கு நோ போல். மண்டபம் விழுந்து சிரித்தது. மெற்றில்டா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜனவரி பதினெட்டாம் திகதி, என் கண்ணைச் சோதிக்க வேண்டும் அல்லது வேறு நடுவரை அனுப்ப வேண்டும் என்று அவன் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தான். இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திகதிகள் எனக்கு ஞாபகம் நிற்கும், அவ்வளவுதான்.

இறுதியாட்டம் ஈஸ்ட் ஹாம்காரரோடு. ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, பின்னேரம் நாலரை மணி, நல்ல வெயில். கவுன்சில்காரர் அன்று காலைதான் புல் வெட்டியிருந்தார்கள். மைதானம் முழுக்கப் புல்தூள். கடைசி ஓவரில் ஈஸ்ட் ஹாமுக்கு ஒன்பது ஓட்டம் வேண்டும். துடுப்பு கௌசிகனிடம். அவனுடைய தோள் இரண்டு பேருக்குக் காணும். மற்றப் பக்கத்து நடுவர் அவர்களுடைய ஆள் அபிஷன். அவன் ஆட்டம் முழுக்கக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகவே அந்த ஓவர் என்னுடையது.

றொஷான் வந்து கையை நீட்டினான்.

"அங்கிள், பம்பை ஒருக்கால் தாங்கோ."

"நேரம் போயிட்டுது. பிந்தினால் தண்டம். போடு தம்பி."

"ரெண்டு செக்கன் அங்கிள்."

"ஓவர் முடியட்டும்."

அவன் என்னைப் பார்த்தான், பிறகு லதீசனைப் பார்த்தான். லதீசன் கையைத் தட்டி "வா, வா, வா" என்றான். றொஷான் போனான்.

முதல் பந்து கௌசிகனின் கால் விரலடியில் குத்தியது. ஓட்டம் இல்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். கை நடுங்கவில்லை. கல்லுப்போல இருந்தது. ஒரு மணியை வலப்பைக்கு மாற்றினேன். அங்கே பம்ப் இருந்தது, மணி அதில் பட்டு டிக் என்றது. இரண்டாவது பந்தும் அதே இடம். ஓட்டம் இல்லை. டிக்.

"என்ன மச்சான், இண்டைக்குக் கை ஆடேல்லை? கலியாணம் நல்லா ஒத்துவருதுபோலை" என்று கௌசிகன் கேட்டான்.

றொஷான் பந்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். வாய்க்கு வாய் கொடுக்கிறவன் பேசாமல் போனதை நான் கவனித்தேன். தம்பி, அந்த இரண்டு பந்துகளையும் நீங்கள் மறக்கக்கூடாது. மூன்று கூட்டமும் வாழைப்பழமும் செய்யாததை நான் செய்து காட்டினேன்.

மூன்றாவது பந்தில் இரண்டு ஓட்டம் போனது. திரும்பி நடந்தவன் என் பக்கத்தில் நின்றான். மூச்சு உள்ளே போகும்போது தண்ணீர்க் கேத்தில் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"அங்கிள்... பம்ப்."

"ஓவர் முடியட்டும்" என்றேன்.

லதீசன் தூரத்தில் நின்று கத்தினான்: "என்னடா, திரும்பவும் தொடங்கீட்டியோ? பயப்பிடாதை, போடு!"

இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பயம் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். மூன்று ஆட்டம் தோற்றுக் கொடுத்தவன் கடைசி ஓவரில் நெஞ்சைப் பிடித்தால் வேறு என்ன நினைப்பார்கள்? ரோல்ஸ் மேசையில் நின்ற தவமலர், "றொஷான், பந்து போடுறியோ, பஸ்ஸுக்கு நிக்கிறியோ?" என்று கேட்க, எங்கள் பக்கத்துச் சனமே சிரித்தது. பெனிற்றாவும் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, எழும்பி நின்றாள். ஆனால் மைதானத்துக்குள் வரவில்லை. பெண்சாதி உள்ளே ஓடி வந்தால் பிறகு ஒரு வருடத்துக்குப் பகிடி பண்ணுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்தது வைட். அதற்கு அடுத்ததும் வைட். வைட்டுக்கு மணி மாறாது, ஓவர் நீளும். இரண்டு தரமும் நான் கைகளை விரித்துக் காட்டினேன். அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று லதீசன் இப்போது சொல்கிறானாம். அவை வைட் பந்துகள். சொந்தக் கழகம் என்று பார்க்கத் தொடங்கினால் வெள்ளைக் கோட் எதற்கு?

நாலாவது பந்துக்கு ஓட்டம் இல்லை. அதை அவன் ஓடி வந்து போடவில்லை, நடந்து வந்து போட்டான். ஐந்தாவதில் இரண்டு. இனி ஒரு பந்து, மூன்று ஓட்டம். றொஷான் என்னிடம் வந்தான். இந்த முறை வார்த்தை வரவில்லை. கையை மட்டும் நீட்டினான். உதடு நாவல்பழம் தின்றவனுடையதுபோல இருந்தது. கை அப்போதும் நடுங்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டேன்.

பொருளை நடுவரிடம் கொடுத்தால் ஓவர் முடிந்த பிறகுதான் திருப்பி வாங்குவது. அப்படி ஒரு சட்டம் இல்லை என்று நீங்கள் சொல்லுவீர்கள். உங்கள் புத்தகத்தில் இல்லைத்தான். ஜூலை மாதம் ஓவருக்கு நடுவிலேயே அவனுக்குப் பம்பை நானே எடுத்துக் கொடுத்தேன் என்றும் சொல்லுவீர்கள். கொடுத்தேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

"ஒரு பந்து. ஓவர் முடியட்டும்" என்றேன்.

அவன் போட்டான். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. கௌசிகன் துடுப்பை எடுக்க முன்னரே நடுத்தடி பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஓடி வந்தார்கள். தவமலர் ரோல்ஸ் தட்டோடு உள்ளே ஓடி வந்தாள். எங்கள் கழகத்துக்குப் பதின்மூன்று வருடத்தில் முதல் கப்.

நான் வலக்கையை நீட்டினேன். நோ போல்.

கால் கோட்டைத் தாண்டியிருந்தது. எவ்வளவு என்று லதீசன் என் முகத்துக்கு நேரே வந்து கேட்டான். ஒரு சுண்டுவிரல் என்றேன். ஒரு சுண்டுவிரலும் தாண்டல்தான். அந்த நேரம் அந்தக் கோடு தேய்ந்து மண்ணோடு மண்ணாய்ப் போயிருந்தது என்று அபிஷன் உங்களுக்குச் சொன்னானாம். செல்போனிலிருந்து தலையை எடுத்த ஒரே தரம் அதுதான் போலிருக்கிறது. கோடு தேய்ந்திருந்தது உண்மை. ஆனால் கோடு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நோ போலுக்கு விக்கெட் இல்லை, அவர்களுக்கு ஒரு ஓட்டம். இனி அவர்களுக்கு இரண்டு ஓட்டம் போதும், ஒரு பந்து திரும்பப் போட வேண்டும். எல்லோரும் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றதால், றொஷான் முழங்காலில் இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவன் மேலே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதனிடம் இரந்து கேட்கிற மாதிரி இருந்தது. நத்தார் அன்று மண்டபத்தில் அவன் முகம் அப்படி இருக்கவில்லை.

எழும்பி மூன்று அடி நடந்து பந்தை விட்டான். பந்து உருண்டு போனது. கௌசிகன் அதை எல்லைக்கு அனுப்பினான், நாலு. ஈஸ்ட் ஹாம்காரர் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். றொஷான் விக்கெட்டுக்குப் பக்கத்தில் சரிந்து படுத்தான். ஒருவன் அவனைத் தாண்டிப் பாய்ந்து ஓடினான். தோற்றுவிட்டு அழுகிறான் என்று நினைத்தானாம்.

முதலில் விளங்கியது பெனிற்றாவுக்கு. ஓடி வந்து அவன் தலையை மடியில் எடுத்துவைத்து, "பம்ப் எங்கை? ஆரிட்டை பம்ப்?" என்று கத்தினாள். லதீசன் அவனுடைய பையைத் தலைகீழாகக் கொட்டினான். காலுறை, தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம். ஆறேழு பேர் புல்லுக்குள் தவண்டு தேடினார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன். ஓட்டப் பதிவுத் தாளோடு ஒருவர் வந்து, "கஸ்பரண்ணை, கையெழுத்து" என்றார். பேனை எடுக்க வலப்பைக்குள் கையை விட்டேன். விரலில் முதலில் பட்டது பம்ப். அதற்குக் கீழே ஐந்து மணியோ ஆறு மணியோ. பம்பை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டுப் பேனையை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. "ஆரிட்டை" என்றுதான் பெனிற்றா கேட்டாள், "கஸ்பர் அங்கிள், உங்களிட்டையோ" என்று கேட்கவில்லை.

அம்புலன்ஸ் பதினொரு நிமிடத்தில் வந்தது. அவர்கள் அரை மணித்தியாலம் அவன் நெஞ்சை அமுக்கி அமுக்கி மினைக்கெட்டார்கள். பிறகு மினைக்கெடவில்லை.

தொப்பியையும் சங்கிலியையும் அன்றைக்கே லதீசனிடம் ஒப்படைத்தேன். செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள் அவன் கையில் கிரிக்கெட் பந்து வைத்திருந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. செபமாலைதான் வைக்க வேண்டும். அடுத்த கிழமை மெற்றில்டா கோட்டைக் கழுவ எடுத்தாள். கழுவுமுன் எப்போதும் பைகளைத் தடவிப் பார்ப்பாள். வலப்பைக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள். பிறகு கையை வெறுமையாக எடுத்து, கோட்டைக் கழுவாமல் திரும்ப ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து கதைப்பதில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் எல்லாம் என்று கேட்டதால் இதையும் எழுதுகிறேன். சேஷாத்ரி அன்று சொல்லி முடித்தார். கடைக் கதவு தானாக மெதுவாகச் சாத்துகிற கதவு, எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "கையில இல்லைன்னா செத்துப் போயிடுவாங்க ஐயா" என்றார். மருந்துக்கடையில் நிற்கிறவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். உப்புக் குறைக்காவிட்டால் சாவேன் என்று எனக்கும் பத்து வருடமாகச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் பம்ப் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றே கொடுக்கவில்லை. கழகம் வெல்ல வேண்டும் என்று செய்தேன். அப்படியென்றால் ஏன் நோ போல் கொடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். கால் தாண்டியிருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பம்ப் இப்போது என் மடியில் இருக்கிறது. இந்தத் தாளோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு, உங்கள் வீட்டுக் கதவிலுள்ள தபால் துவாரத்தால் போட்டுவிடுவேன். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. சற்று முன் வாயில் வைத்து, அவன் செய்த மாதிரியே இரண்டு தரம் இழுத்தேன். கசப்பு. நிறைய இருக்கிறது, பாதிக்கு மேல். கொஞ்ச நேரம் பொறுத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். ஜேர்மனியில் பதினாறு வருடம் கத்தி பிடித்த கை. நடுங்குகிறது. நீங்களே இந்த எழுத்தைப் பாருங்கள், வரி எப்படிப் போகிறது என்று. நான் சொன்னது சரிதான். பம்பில்தான் பிழை. யார் என்ன சொன்னாலும் நான் அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

எழும்பிப் போகிறேன். வெள்ளைக் கோட்டை இந்த வாங்கிலேயே விட்டுவிட்டுப் போகிறேன், அடுத்த நடுவருக்கு உதவும். முதல் பக்கத்திலும் எழுத்து இதே மாதிரித்தான் நடுங்கியிருக்கும். அது பம்ப் அடிக்க முன்னர் எழுதியது. வாங்கு ஆடுகிறது, அதனால்.